புள்ளி நின்ற வீடு

பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிறவன் மனுஷனே இல்லை. நான் சந்தேகப்படவில்லை. அவளுடைய கார் சீட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கருவியை ஒட்டி வைத்தேன், அவ்வளவுதான். கார் எங்கே போனாலும் என் போனில் நீலப் புள்ளியாகத் தெரியும்.

காரணம், நீச்சல் மாஸ்டர். அவளோடு காலேஜில் படித்தவன். என் மச்சினி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். தோள் இரண்டும் கதவு அகலம். போன வாரம் கடைத்தெருவில் அவளைப் பார்த்து, "நீ அப்படியே இருக்கியே!" என்றான். அவள் சிரித்தாள். என் பக்கத்தில் நின்று அவள் அப்படிச் சிரித்தது கல்யாண போட்டோவில் மட்டும்தான். அதுவும் போட்டோகிராபர் கெஞ்சியதால்.

நான் சர்வேயர். ஒரு விரல்கடை பிசகாமல் நிலம் அளப்பவன். "கார்ல வழி காட்டுற மிஷின் பத்து மீட்டர் முன்னே பின்னே தப்பும், அதை நம்பி வேலி போட்றாதீங்க" என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவன். பொறாமை வந்தால் அந்தப் பாடமெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

சனிக்கிழமை மூன்று மணிக்குப் புள்ளி கிளம்பியது. நேரே போய் மாஸ்டர் வீட்டு நடு ஹாலில் உட்கார்ந்தது. அரை மணி நேரம் அசையவில்லை. டாக்ஸி பிடித்தேன்.

கதவைத் தட்டினேன். மாஸ்டர் கையில்லாத பனியனோடு வந்தான்.

"எங்கேய்யா அவ?"

"வாங்க சார்! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். பக்கத்து வீட்டுல இருக்காங்க."

மச்சினி வீட்டு வாசலில், மாஸ்டர் வீட்டு மதிலை ஒட்டி எங்கள் கார். படியில் இடுப்பில் கை வைத்தபடி என் மனைவி.

"முதுகு வலி விட்டுருச்சா? காலையில புரண்டு படுக்கவே முடியலைன்னீங்க?"

"அதை விடு. நீ அவன் வீட்டுக்குள்ள..."

"யார் சொன்னது?"

"புள்ளி..." என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் இறங்கி வந்து, கார் சீட்டுக்கு அடியிலிருந்து கருவியை எடுத்து நீட்டினாள்.

"கார் கூட்டும்போது செவ்வாய்க்கிழமையே கிடைச்சுது."

"அப்பவே தூக்கி எறிய வேண்டியதுதானே?"

"எதுக்கு? தங்கச்சி பீரோவை மாடிக்கு ஏத்தணும், வாங்கன்னு நாலு நாளா கூப்பிட்டேன். அசைஞ்சீங்களா? பத்து மீட்டர் தப்பும்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்றீங்க? அதான் மதிலோரமா நிறுத்தினேன். அவர் வீட்டுல காட்டினா ஓடி வருவீங்க."

"தங்கச்சி வீட்டுலயே காட்டியிருந்தா?"

"நாளைக்கு மறுபடி நிறுத்திப் பார்த்திருப்பேன்."

பேச்சு முடிந்தது. பீரோ காத்திருந்தது. இரும்பு பீரோ. மேல்பக்கம் மாஸ்டர் பிடித்தான். பாரமெல்லாம் இறங்கும் கீழ்ப்பக்கம் எனக்கு. ஆறாவது படியில் கண் இருட்டியபோது மனைவியின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

"பார்த்து, பார்த்து! முதுகு புடிச்சுக்கப் போகுது!"

எனக்கு மனசு இளகிவிட்டது. "பரவாயில்லைம்மா, நான் தாங்கிக்கிறேன்" என்றேன்.

"உங்களை இல்லைங்க. மாஸ்டரைச் சொன்னேன்."