ஆடி மழையில் மருமகள் நூல் சேலை வாங்கிய விவகாரம்

நாட்டைக் காக்கும் வேலையில் இருக்கும் என் ஒரே மகன் நாயக் சதீஷுக்கு, பீர்மேட்டிலிருந்து அப்பா மொக்கையன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம். அங்கே ஜபல்பூரில் நீயும் உன் துப்பாக்கியும் சுகமாக இருக்க வேண்டும். மழை நன்றாகப் பெய்கிறது. உன் மனைவி மாரீஸ்வரியும் சுகமே. அந்தச் சுகம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போன் அவள் கையில் இருக்கிறது. ரேஞ்சு கிடைக்கும் ஒரே இடம் கோவில் பாறை. அங்கே நின்று பேசினால் மேல் லயத்து வீடுகளும் கீழ் லயத்து வீடுகளும் சேர்ந்து காது கொடுக்கும். அதுவும் தவிர, நீ எதைக் கேட்டாலும் "அவ இஷ்டம்ப்பா, அவளே முடிவு பண்ணட்டும்" என்கிறாய். எனக்கு அதிலேயே சந்தேகம். நம் வம்சத்தில் எந்த ஆம்பிளையும் இந்த வார்த்தையைச் சொன்னதில்லையே! பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்தார்களா, இல்லை அவளே சொல்லிக்கொடுத்தாளா?

உனக்கே தெரியும், உன் அம்மா இந்த ஆவணியோடு கொழுந்து எடுக்கும் வேலையிலிருந்து ரிட்டயர். நான் பேக்டரி கேட் வாட்ச்மேன் வேலையை முன்னமே முடித்துவிட்டேன். லயத்து வீடு கம்பெனி வீடு. வீட்டில் ஒருத்தர் பேராவது எஸ்டேட் வேலையில் பதிந்திருந்தால்தான் அதில் இருக்கலாம், இல்லாவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். நான் பிறந்ததும் இந்த வீட்டில், நீ பிறந்ததும் இந்த வீட்டில். அடுப்படிக்கு சிமெண்டு போட்டது என் கை. அதனால் பீல்டு ஆபீசர் ஜோஜோ வந்து, "மொக்கையண்ணா, மருமகளுடெ பேரு பதிஞ்சுக்கோ. பி.எஸ்.சி. கணக்கு படிச்ச குட்டியல்லே, கொஞ்ச நாள் கொழுந்து எடுக்கட்டே, பின்னே ஆபீஸ்ல எடுக்கலாம் கேட்டோ" என்று சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவளோ "யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தவள் இன்னும் யோசிக்கிறாள். எஸ்டேட் வேலை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பி.எட். படித்து டீச்சராக வேண்டும் என்கிறாள். ஜபல்பூரில் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, இப்போது வராவிட்டால் அடுத்து எனக்கு பார்டர், அங்கே குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்று நீ சொன்னால் அதற்கும் தலையாட்டுகிறாள். கேட்டில் நின்று நான் கண்ட பாடம் ஒன்று உண்டு. நேரே நடக்கிறவனை விட்டுவிடலாம். யோசித்து யோசித்து நடக்கிறவன் மடியில்தான் திருட்டுத் தேயிலைத்தூள் இருக்கும்.

ஆகவே கண்காணிக்க ஆரம்பித்தேன். முதல் தடயம், குமுளிக்குப் போனவள் இரண்டு மெல்லிசு நூல் சேலை வாங்கி வந்தாள். ஆடி மழைடா! கம்பளியைப் போர்த்திக்கொண்டாலும் பல் கிட்டுகிற காலத்தில் பீர்மேட்டில் எவளாவது நூல் சேலை வாங்குவாளா? இங்கே கட்ட முடியாத சேலையை எங்கே கட்டுவது? வெயில் ஊரில். இது ஒன்று. இரண்டாவது, கொல்லைப் பக்கம் நின்று கோழியிடம் இந்தி பேசுகிறாள். கத்தரிக்காய் என்ன விலை, குறைத்துக் கொடுப்பாயா என்று கேட்கிறாளாம், அடுத்த வீட்டுக் கத்தரீனாள்தான் எனக்கு அர்த்தம் சொன்னாள். அந்தக் கோழிக்கு இதுநாள்வரை "பா பா" என்றால்தான் தெரியும். இப்போது நான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறது.

மூன்றாவதாக நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவள் வெளியே போய்விட்டு வந்தால் என் கை தானாகப் பைக்குள் போய்விடும், பழக்கதோஷம். அன்றைக்குப் பை கனமாக இருக்கவும் மேலும் கீழும் தடவிப் பார்த்தேன். உன் அம்மா பார்த்துவிட்டாள். "ஏங்க, பேக்டரி கேட்டைப் பேத்துக் கொண்டாந்து நம்ம வாசல்ல வச்சிட்டீகளா? வெக்கமா இல்ல?" என்று லயமே கேட்கக் கத்தினாள். அதனால் பையை விட்டுவிட்டு ஆளையே பின்தொடர்வது என்று முடிவு செய்தேன். மறுநாள் அவள் கட்டப்பனை போகிற ஜீப்பில் முன்னால் ஏறினாள். நான் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி, ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். நம் நேரம், ஏற்றத்தில் ஜீப் நின்றது. ஆம்பிளை எல்லாம் இறங்கித் தள்ளுங்க என்றான் டிரைவர். தள்ளினேன். ஜீப் கிளம்பியது, நான் சேற்றில் விழுந்தேன், தலைச் சாக்கும் விழுந்தது. அவள் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, "மாமா, முன்னால வந்து உக்காருங்க, உங்களுக்கும் சேத்துக் காசு குடுத்துட்டேன்" என்கிறாள். நான் ஏறும்போதே பார்த்துவிட்டாளாம்! அதோடு விட்டாளா? கையோடு பி.எட். காலேஜுக்குள் கூட்டிப்போய்விட்டாள். அங்கே ஒரு அம்மா, "ரக்ஷகர்த்தாவு வந்நிட்டுண்டோ?" என்றார், அதாவது கார்டியன் வந்திருக்கிறாரா என்று. மாரீஸ்வரி என்னைக் காட்டினாள். சேறு வழிய நின்ற நான் உளவு பார்க்கப் போன இடத்தில் அவளுக்கு ரக்ஷகர்த்தாவாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் வாங்கிக்கொடுத்த பழம்பொரியும் தின்றுவிட்டு வந்தேன். பழம்பொரி நன்றாகத்தான் இருந்தது. அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது நீ செய்ய வேண்டியது இது. காலேஜுக்குப் போனாலும் நம் வீடு போச்சு, உன்னிடம் வந்தாலும் வீடு போச்சு. எஸ்டேட்டில் பேர் பதி என்று நீ அதட்டிச் சொல்ல வேண்டும். குவார்ட்டர்ஸ் ஒழுகுகிறது, பாம்பு வருகிறது, தண்ணீர் உப்பு என்று எதையாவது சொல். பட்டாளத்துக்காரன் சொன்னால் அது பொய் ஆகாது, ராணுவ ரகசியம் ஆகிவிடும். நான் எழுதினேன் என்று மூச்சு விடாதே. உன் உடம்பைப் பார்த்துக்கொள், ரொட்டியை நன்றாக மென்று தின்னு. மாரியம்மன் துணை இருப்பாள்.

இப்படிக்கு,
உன் நன்மையை மட்டுமே நினைக்கும் அப்பா,
மொக்கையன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மாரீஸ்வரி வந்தாள். "மாமா, ஜோஜோ சார்கிட்ட பேர் குடுத்துட்டேன். படிப்பும் வேண்டாம், ஜபல்பூரும் இப்ப வேண்டாம். இந்த வயசுல நீங்களும் அத்தையும் எங்க போவீக?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் கேட்டதுதானே கிடைத்தது, சந்தோஷப்பட வேண்டியவன்தானே? முடியவில்லை. கேட்டில் அந்தச் சிரிப்பை நிறையப் பார்த்திருக்கிறேன். எதையோ உள்ளே அமுக்கி வைத்திருக்கிறவர்கள்தான் அப்படிச் சிரிப்பார்கள். குடையை எடுத்துக்கொண்டு நேரே ஜோஜோ சாரிடம் போனேன். "சார், என் மருமகளை எடுக்காதீக. கை சுத்தமில்ல. வீட்டுலயே தூள் காணாமப் போகுது" என்றேன். அவர் அசந்துபோனார். ஆனால் இந்த எஸ்டேட்டில் நான் சந்தேகப்பட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. வெளியே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு உடனே பேரை வெட்டினார். திரும்பி வரும் வழியில் அழுதேன்டா. குடை பிடித்திருந்தேன், மழைத்தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அந்தப் பிள்ளையைப் போய் திருடி என்று சொல்லிவிட்டேனே!

ஆகவே மேலே எழுதியது எதையும் செய்யாதே. வீடு போனால் போகட்டும். வண்டிப்பெரியாறில் ஒரு ரிசார்ட்டுக்கு வாட்ச்மேன் வேண்டுமாம், தங்க ரூமும் உண்டாம், அம்மாவும் சரி என்றுவிட்டாள். இவளை அங்கே கூப்பிட்டு, வந்ததும் முதல் வேலையாக பி.எட். சேர்த்துவிடு. சமையல் முதலில், படிப்பு அப்புறம் என்று நீ சொன்னதாகக் காதில் விழுந்தால் தொலைத்துவிடுவேன். எஸ்டேட்டில் ஆள் நிறைந்துவிட்டது, அதனால் பேரை வெட்டிவிட்டார்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அப்படியே நம்பிவிட்டாள். இவ்வளவு லேசாக நம்புகிற பிள்ளையைத் தனியாக எப்படி ரயிலேற்றி விடுவது? நானே கொண்டுவந்து விடுகிறேன்.