செவ்வந்தியின் பழைய சட்டை

ஒரு காட்டில், கரையான் விட்டுப்போன புற்றில், வடிவு என்ற சாரைப்பாம்பு குடியிருந்தது. அதன் மகள் செவ்வந்திக்கு வந்த வரனெல்லாம் தட்டிப்போனது. கடைசியாக மூங்கில் புதரிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியது. அவர்கள் வருகிற அன்று காலை பார்த்துத்தானா செவ்வந்தி சட்டை உரித்துப் பளபளவென்று வந்து நிற்க வேண்டும்?

“இப்படி மினுக்கிக்கிட்டு வந்தா என்ன நினைப்பாங்க?” என்றது வடிவு. “பொண்ணு பார்க்க வந்தா, உரிச்ச சட்டையை மறுபடி போட்டுக்கிட்டுத்தான் நம்ம பொம்பளைங்க முன்னாடி வருவோம். அதுதாண்டி பண்பாடு.”

முள்செடியில் தொங்கிய பழைய சட்டையை எடுத்து வந்து மகளுக்கு மாட்டிவிட்டது.

“சின்னதாயிடுச்சும்மா. கிழிஞ்சும் இருக்கு. கண்ணை வேற மறைக்குது.”

“பார்க்கப் போறது அவங்கதானே. உனக்குக் கண்ணு எதுக்கு?”

“பசிக்குது. ஒரு தவளையாவது குடேன்.”

“தின்னா சட்டை வெடிச்சிடும். பலகாரம் அவங்களுக்கு.”

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையும் அன்றுதான் சட்டை உரித்திருந்தது. முகம் பார்க்கலாம் போல உடம்பு மின்னியது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நாலு இடம் போகிற பிள்ளையல்லவா.

“அடக்கமான பொண்ணு,” என்றது மாப்பிள்ளையின் அம்மா. “எங்களுக்குச் சம்மதம். கல்யாணத்துக்கு அப்புறமும் இந்தச் சட்டையைக் கழட்டக் கூடாது.”

செவ்வந்திக்கு மூச்சு முட்டியது. அதை நாணம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது, வருஷா வருஷம் வெளிநாடு போய் வரும் நாரை பக்கத்து மரத்தில் இறங்கியது.

“அட, செவ்வந்தியா? அங்கேயும் இப்ப இதுதான். பொண்ணுங்க கிழிஞ்சு வெளுத்ததைத்தான் தேடித் தேடிப் போடுறாங்க. நீ இங்கே இருந்துக்கிட்டே கத்துக்கிட்டியே,” என்று மனசாரப் பாராட்டியது.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மாறியது. “கிழிசல் எதுக்குன்னு இப்பத்தானே புரியுது. எங்க குடும்பத்துக்கு மாடர்ன் பொண்ணு ஒத்து வராது.”

“இது நம்ம பண்பாடு சம்பந்தி. இப்பத்தானே நீங்களும் மெச்சினீங்க?”

“வெளிநாட்டுக்காரி போட்ட பிறகு அது எப்படி நம்ம பண்பாடாகும்?”

எல்லோரும் கிளம்பினார்கள். மாப்பிள்ளை மட்டும் நகரவில்லை. “அம்மா, அந்தச் சட்டை எனக்கு வேணும்.”

“பிள்ளை ஆசைப்படுறான். கழட்டித் தரச் சொல்லுங்க,” என்றது அம்மா.

வடிவு மறுபேச்சில்லாமல் உரித்துக் கொடுத்தது. மாப்பிள்ளை அதை மாட்டிக்கொண்டு, கண் தெரியாமல் வேரிலும் கல்லிலும் முட்டி முட்டிப் போனது. “என் பிள்ளைக்கு எதைப் போட்டாலும் எடுப்பா இருக்கும்,” என்றபடி அம்மா பின்னாலேயே போனது.

இனி அழலாம் என்று வடிவு திரும்பியது. செவ்வந்தி கடைசித் தவளையை விழுங்கிக்கொண்டிருந்தது.

“சம்பந்தம் போச்சேடி.”

“போகட்டும்மா. தவளை மிஞ்சிச்சே.”

நீதி: பெண் பார்க்கும் நாளில் மகள் எதை உடுத்தினாலும் குற்றம்தான். ஆகவே பலகாரத்தை முதலிலேயே அவளுக்குக் கொடுத்துவிடுங்கள்.