நீலப் புலியும் நிறம் தெரியாத தேவாங்கும்

ஒரு காட்டில் ஓர் அச்சகம் இருந்தது. காட்டில் எதற்கு அச்சகம் என்று குறுக்கே கேட்காதீர்கள். யானை வீட்டில் கல்யாணம் என்றால் பத்திரிகை வேண்டும், காக்கை வீட்டில் சாவு என்றால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும். முதலாளி ஒரு பெருச்சாளி. பேர்தான் மாசிலாமணி, மீசை முதல் வால் வரை மை.

அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்தது கண்ணுச்சாமி என்ற தேவாங்கு. திரையில் தெரியும் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வெளிச்சத்தால் ஆனது. அச்சு மெஷினுக்கோ சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மை வேண்டும். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, திரும்பச் சேர்த்து, நாலாக மாற்றி அனுப்பும் புரோகிராமை கண்ணுச்சாமிதான் எழுதியிருந்தது.

அதில் ஒரே ஒரு சங்கடம். கண்ணுச்சாமிக்கு நிறமே தெரியாது. அதன் குலத்துக்கே அப்படித்தான். கண் என்னவோ தட்டு அகலம், தெரிவதெல்லாம் கறுப்பு வெள்ளை. வேலைக்குச் சேர வந்த அன்று முதலாளி ஒரு மாம்பழத்தை நீட்டி, "இது என்ன கலர்?" என்று கேட்டார். கண்ணுச்சாமி மோந்து பார்த்துவிட்டு, "மஞ்சள்ங்க" என்றது. வேலை கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து அதற்கு ஒரே பயம், குட்டு உடைந்தால் சோறு போச்சே என்று. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போக அரை நாள் பிடிக்கும் ஜீவன் வேறு எங்கே போய்ப் பிழைக்கும்?

புரோகிராமில் ஒரு கோளாறு இருந்தது. படத்தைத் திறந்து கொடுக்கும் கருவி, நீலத்தை முதலிலும் சிவப்பைக் கடைசியிலும் எடுத்துத் தரும். கண்ணுச்சாமி சிவப்புதான் முதலில் வரும் என்று நினைத்துச் சேர்த்துவிட்டது. ஆக, சிவப்பின் இடத்தில் நீலம், நீலத்தின் இடத்தில் சிவப்பு. நிறம் தெரிந்தவன் முதல் படத்திலேயே தலையில் அடித்துக்கொண்டிருப்பான். நம்ம ஆள் சோதித்துப் பார்த்த அழகைக் கேளுங்கள்! யானைப் படம் போட்டது, சரியாக வந்தது. எருமை, அதுவும் சரி. காக்கை, அச்சு அசல். சாம்பலும் கறுப்பும் எதை எதோடு மாற்றினாலும் அப்படியேதானே இருக்கும்? மயிலும் கிளியும் பளபளப்புத் தாளுக்காகப் பக்கத்துக் காட்டு அச்சகத்துக்குப் போய்விடுவார்கள். மூன்று வருஷமாக ஒரு புகார் இல்லை. நாம் கொஞ்சம் கெட்டிக்காரன்தானோ என்று கண்ணுச்சாமிக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது.

அப்போது பார்த்துத் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்குப் புலியார் நின்றார். முழு உருவப் போஸ்டர், பத்தாயிரம் பிரதி.

மாசிலாமணி அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மை வீணாகும் என்று புரூஃபைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பார்கள். அதைப் புலியாரின் செயலாளர் கீரியிடம் கொடுத்தார்கள். கீரி தன் பெயர் இருக்கிறதா, துணைச் செயலாளர் பெயரைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்தது. கீழே 'ஓகே' என்று கையெழுத்துப் போட்டது. தலைவர் முகத்தைப் பார்க்க அதற்கு நேரமில்லை.

மறுநாள் காலை மரத்துக்கு மரம் புலியார். பின்னால் இருந்த இலையெல்லாம் சரியான பச்சை. நடுவில் நின்ற புலி மட்டும் மயில் கழுத்து நீலம்! நாக்கு நாவல்பழம் தின்ற நாக்கு.

"எவன்டா அவன்?" என்று உறுமிக்கொண்டே புலியார் அச்சகத்துக்குள் நுழைந்தார். முதலாளி பாய்ந்து வளைக்குள் போய்விட்டார்; வெளியே நின்ற வால் நுனி கண்ணுச்சாமியைக் காட்டியது.

"டேய், நான் என்ன கலர்?"

கண்ணுச்சாமி பழக்கதோஷத்தில் மோந்து பார்த்தது. நேற்றுத் தின்ற காட்டுப்பன்றி வாசனைதான் வந்தது.

"நல்ல கலர்ங்க, தலைவரே."

"போஸ்டர்ல?"

"அதே கலர்தாங்க."

"நீலமாடா இருக்கேன் நான்?"

நீலம் என்று காதில் விழுந்ததுமே அதற்குப் புரோகிராமில் எந்த வரியில் தப்பு என்று புரிந்துவிட்டது. நீதிக்கதைகளில் இந்த இடத்தில் உண்மையைச் சொன்னால் உயிர் பிழைக்கலாம் என்று அது கேள்விப்பட்டிருந்தது.

"தலைவரே, எனக்கு நிறமே தெரியாதுங்க! மூணு வருஷமா யானையையும் எருமையையும் வெச்சு ஒப்பேத்திட்டேன். செவப்பும் நீலமும் இடம் மாறிப்போச்சு. ஒரே ஒரு வரி மாத்தினா சரியாயிடும். என்னைத் தின்னுடாதீங்க. என் உடம்புல கண்ணைத் தவிர ஒண்ணுமே இல்லீங்க!"

புலியார் வாயைத் திறந்தார். அதே நேரம் வாசலில் ஒரே கூட்டம். எல்லாம் மான்கள், காட்டு ஓட்டில் முக்கால்வாசி அவர்களுடையது. மான் கண்ணுக்குப் புலியின் நிறமும் புல்லின் நிறமும் ஒன்றுதான். முன்னால் நின்ற பூரணி என்ற மான், கையிலிருந்த போஸ்டரை உயர்த்திக் காட்டியது.

"தலைவரே, இத்தனை வருஷம் நீங்க புல்லோட புல்லாத்தான் தெரிஞ்சீங்க. எங்கம்மா உங்களைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துட்டாங்க. இப்பத்தான் உங்களை முழுசாப் பார்க்கிறோம். ஒளிவு மறைவு இல்லாத தலைவர்னா இப்படித்தான் இருக்கணும்! இதே கலர்ல நேர்ல வாங்க, எங்க ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான்."

புலியார் திறந்த வாயை மூடிக்கொண்டார். கண்ணுச்சாமியை ஏற இறங்கப் பார்த்தார்.

"நிறமே தெரியாதாம்! புள்ளைக்கு என்ன அடக்கம் பாரு," என்று பின்னாலேயே வந்திருந்த கீரியிடம் சொன்னார்.

பத்தாயிரம் போஸ்டரை இனி மாற்ற முடியாது, ஒரு புலியை மாற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. அச்சகத்தில் இருந்த சயான் என்ற நீல மை அத்தனையும் புலியார் முதுகில் ஏறியது. போஸ்டரோடு ஒப்பிட்டுச் சரி சொல்லும் பொறுப்பு, வேறு யாருக்கு, கண்ணுச்சாமிக்குத்தான். அது புலியைப் பார்த்தது, போஸ்டரைப் பார்த்தது. இரண்டும் சாம்பல்.

"அச்சு அசல்ங்க," என்றது.

புலியார் அமோகமாக ஜெயித்தார். அதன் பிறகு ஒரு மான்கூட அவரிடம் சிக்கவில்லை. அரை மைல் தூரத்திலேயே கும்பிடு போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். மூன்றாம் மாதம் விலா எலும்பு தெரிந்தபோது, தாம் சைவத்துக்கு மாறிவிட்டதாக ஓர் அறிக்கை விட்டார். அதையும் மாசிலாமணி அச்சகத்தில்தான் அடித்தார்கள்.

கண்ணுச்சாமிக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு நாள் உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டது. அடுத்ததாக வந்தது செந்நாய் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை உள்ளபடியே வந்தார். அரை மணியில் முதலாளி பத்திரிகையும் கையுமாக ஓடிவந்தார்.

"ஏம்ப்பா, மாப்பிள்ளை ஏன் செவப்பா இருக்காரு? தலைவர் மாதிரி நீலமா வரும்னுதானே நம்ம பிரஸ்ஸைத் தேடி வர்றாங்க!"

"மொதலாளி, அவரு அசல்ல செவப்புதானாமே?"

"அசலைப் பார்க்க அவங்க வீட்லயே கண்ணாடி இருக்கே, நம்ம கிட்ட எதுக்குய்யா வரணும்?"

கண்ணுச்சாமி பெருமூச்சு விட்டது. பழைய வரியைத் தேடி எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தது. பின்னால் வருபவர்களுக்காக அதன் மேலே ஒரு குறிப்பும் எழுதியது: 'இது தப்பு என்று எனக்கும் தெரியும். தொடாதே, தொட்டால் சரியாகிவிடும்.'

நீதி: ஒரு பிரதியில் வந்தால் பிழை, பத்தாயிரம் பிரதியில் வந்தால் கொள்கை. ஆகவே, பிழை செய்யும்போது கஞ்சத்தனம் கூடாது.