தொட்டிக்கு ஒரு கை யூரியா

எனக்குச் செடி வளர்க்கத் தெரியாது. அது ஒன்றும் குற்றமில்லை. உலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாது என்பது எனக்கே தெரியாமல் இருந்ததுதான் வினை.

அப்போது ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். படப்பையில் மாடி வீடு, வாடகைக்கு. நான் கோவில்பட்டிக்காரன், மனைவி அமுதா வல்லக்கோட்டை. அந்த வருஷம் எங்களுக்குப் பிறந்த பையன் ஒரு நாள்கூட இருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அமுதா அழவில்லை. சரியாகப் பேசவும் இல்லை. மொட்டைமாடியில் தொட்டிகள் வாங்கி வைத்து ரோஜா, மல்லி, கத்திரி, மிளகாய் என்று நட்டாள். காலையில் ஏறினால் வெயில் சுடும்வரை அங்கேதான். (ஒருநாள் படியில் நின்று ஒட்டுக்கேட்டேன். மிளகாய்ச் செடியிடம், "பூச்சி வந்துகீது, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றாள். வந்த சுவடு தெரியாமல் கீழே இறங்கிவிட்டேன்.)

கிருத்திகைக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பியவள், "ஒரு வாரம் இருந்துட்டு வரேன். செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்துங்க, போதும்" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அது. அந்தச் சந்தோஷத்தில் "போதும்" மட்டும் என் காதில் விழவில்லை. அவள் வரும்போது மாடி பூத்துக் குலுங்க வேண்டும் என்று உரக்கடைக்குப் போனேன்.

"யூரியாவா? எத்தினி ஏக்கரு?"

"ஏக்கர் இல்லண்ணே. தொட்டி."

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒரு சிட்டிகை போடு, அதுவே ஜாஸ்தி."

சிட்டிகையா! எங்கள் கரிசக்காட்டில் அள்ளி வீசித்தான் பழக்கம். தொட்டிக்கு ஒரு கை போட்டேன். ரோஜா அவளுக்குப் பிடிக்கும் என்பதால் அதற்கு இரண்டு கை.

இரண்டொரு நாளில் இலையெல்லாம் ஓரம் கருகியது. வெயில்தான் காரணம் என்று ஆராய்ந்து கண்டுபிடித்தேன். (கோளாறுக்குக் காரணம் கண்டுபிடிக்கத்தான் எனக்குக் கம்பெனியில் சம்பளம்.) தொட்டிகளை நெருக்கி வைத்து, என் கல்யாண வேட்டியை விரித்து மூடினேன்.

சொன்ன நாளுக்கு முன்பே அமுதா வந்துவிட்டாள். தம்பி சேகர் பைக்கில் இறக்கிவிட, நேராக மாடி ஏறினாள். பின்னாலேயே ஓடினேன். வேட்டிக்கு முன்னால் அசையாமல் நின்றிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையனையும் வெள்ளைத் துணியில் சுற்றித்தான் எங்கள் கையில் கொடுத்தார்கள்.

வேட்டியை விலக்கினாள். அத்தனையும் சருகு. அப்படியே உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி அழுதாள்.

கீழ்வீட்டு ஓனரம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தார். "இன்னாய்யா பண்ண பொண்ண? கை வச்சியா?"

"ஐயோ இல்லம்மா... யூரியாதான் வச்சேன்!"

"யூரியாவக் குடுத்துட்டானா! சேகரு, ஓடியாடா!"

தெருவில் பைக்கைத் திருப்பிக்கொண்டிருந்த சேகர் நாலு நாலு படியாகத் தாவி வந்து என் சட்டையைப் பிடித்தான். பொத்தான்கள் தெறித்தன. "எங்கக்காவுக்கு இன்னாத்த மாமா குடுத்த?"

"அவர வுடுடா," என்றாள் அமுதா, விம்மலுக்கு நடுவே. "செடிக்குடா..."

"செடிக்கா?" அவன் பிடி தளர்ந்தது. ஓனரம்மாவின் துடைப்பமும் தாழ்ந்தது. வேறு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்போம்.

"நல்லாத்தான பாத்துக்கினேன்," என்றாள் அமுதா. "தங்கலியே... தங்கலியேடா."

அவள் செடியைச் சொல்லவில்லை என்பது எங்கள் மூவருக்குமே புரிந்தது. ஓனரம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவளை மடியில் சாய்த்துக்கொண்டார். நான் பொத்தானில்லாத சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். சேகர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அமுதா பேசினாள். பையனுடைய காது அச்சு அசல் என் காதாம். நான் கவனித்திருக்கவே இல்லை.

எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. மாடியில் மறுபடியும் செடிகள் இருக்கின்றன. எனக்கு வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதி. சொந்தக்காரர் வீட்டுப் பந்தியில் நான் பரிமாறப் போனால் சேகர் கத்துவான்: "யோவ், மாமா கையில உப்பக் குடுத்துராதீங்கய்யா!" பந்தியே சிரிக்கும். பெண்கள் வரிசையில் அமுதாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அதற்காகவே எந்த விசேஷத்துக்குப் போனாலும் நான் முதலில் உப்பைத்தான் தேடி எடுக்கிறேன்.