கப்பலில் நின்ற எங்கட ஆள்

‘எங்கட ஆள்’ பிடிப்பவர் என்று ஒரு ரகம் உண்டு. உங்களுக்குத் தெரியாதவர் அல்ல. ஆங்கிலப் படம் முடிந்து, விளக்குப் போட்டு, கூட்டுகிறவர் வந்து கால்மாட்டில் சோளப்பொரி அள்ளத் தொடங்கிய பிறகும் ஒருவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்கிறாரே, அவர்தான். மேலே ஓடுகிற ஆயிரம் பெயர்களில் மின்கம்பி சுருட்டியவர்கள் பகுதியில் ‘சிவ’ என்று ஒன்று தட்டுப்பட்டால் போதும். அந்தப் படத்தை எடுத்ததே நாங்கள்தான். கொரிய நாடகத்தில் ஒரு பெண் தகப்பனை ‘அப்பா’ என்று கூப்பிட்டுவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் சோறு ஆறும். யாருக்காவது பெரிய பரிசு அறிவித்தால், பரிசு பெற்றவருக்குப் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவர் யார் என்று தேடிப் பிடிப்பார். நல்ல காரியம் என்றால்தான் இந்தத் தேடல். வங்கிக் கொள்ளையில் பிடிபட்டவனின் பெயர் தெரிந்த பெயராக இருந்துவிட்டால், “சீ, உவன் எங்கட ஆளில்லை, பெயரை மாத்தி வைச்சிருக்கிறான்.”

யாழ்ப்பாணத்தில் இருந்து குளிர்தேசத்துக்கு வந்து ரூஜ் என்ற ஊரில் இருக்கும் வாகீசன் இந்த ரகத்தில் முதல் தரம். இத்தனைக்கும் அவர் ஓய்வு பெறும்வரை பார்த்தது காப்புறுதிக் கொம்பனியில் விபத்து விசாரிக்கும் வேலை. நெளிந்த காரைச் சுற்றி நடந்து, சொந்தக்காரன் சொல்வது எதையும் நம்பாமல் இருப்பதற்கு அவருக்குச் சம்பளம். பின்னால் இருந்து இடித்தது என்று அழுதுகொண்டு சொன்னவரிடம்கூட, “அப்ப முன்லைற் ஏன் உடைஞ்சது?” என்று கேட்டவர். அந்தச் சந்தேகம் எல்லாம் மற்றவர்களுக்கு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மனைவி அருள்மலர் எடுத்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனபோது அவரும் கூடப் போனார். உள்ளே சிறு மண்டபத்தில் இலவசமாகப் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். பேசாப்படம் பிறந்த புதிதில் வந்த கடற்போர்க் காட்சிகள். 1898-இல் அமெரிக்காவும் ஸ்பெயினும் மோதிக்கொண்ட யுத்தம். காட்டியவள் பவ்யா, திருச்சியில் இருந்து படிக்க வந்து, பழைய படச்சுருள்களைத் துப்புரவாக்கிப் பாதுகாக்கும் வேலையில் சேர்ந்த பெண். வெளியே குளிர், உள்ளே தேத்தண்ணீர். வாகீசன் உட்கார்ந்தார்.

திரை முழுக்க மழைக்கோடு. கப்பலின் மேல்தளம், ஒரு பீரங்கி, வெள்ளை உடுப்பில் ஏழெட்டுப் பேர். குண்டு போடுகிறார்கள், புகை கிளம்புகிறது. அவர்களில் கறுத்த, மீசை வைத்த ஒருவர் திரும்பி, கண்மூடித் திறப்பதற்குள் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறார்.

“நிப்பாட்டுங்கோ!” வாகீசன் எழும்பி நின்றார். “பிள்ளை, பின்னால விடுங்கோ. அந்தா! உது எங்கட ஆள்!”

“உங்களுக்குத் தெரிஞ்சவரா அங்கிள்?” என்றாள் பவ்யா. நூற்றிருபது வருடத்துக்கு முந்திய படத்தைப் பார்த்து இப்படி ஒருவர் கத்தியது அவளுக்குப் புதிது.

“தெரிஞ்சவரோ? என்ர பூட்டன்!”

அருள்மலர் புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டாள்.

சிரிக்க முன் ஒன்றைச் சொல்லவேண்டும். வாகீசனுக்கு அப்படி ஒரு பூட்டன் இருந்தது உண்மை. கந்தப்புத் தண்டையல். தண்டையல் என்றால் கப்பல் தலைவர்; யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் இருந்து பாய்க்கப்பலில் ரங்கூனுக்கு அரிசி ஏற்றப் போனவர். ஒருமுறை போனவர் திரும்பவில்லை. கப்பல் வந்தது, அவர் வரவில்லை. அங்கே ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கதை அதன் பிறகு சாகவே இல்லை. வாகீசனின் அக்கா கமலாம்பிகைக்கு வந்த முதல் சம்பந்தம், “ஓடிப்போனவன்ர பரம்பரையோ?” என்ற ஒரு கேள்வியில் முறிந்தது. வீட்டில் கந்தப்புவின் படம் ஒன்றுகூடக் கிடையாது. எப்படி இருந்தார் என்று சொல்லக்கூடிய எவரும் இப்போது உயிரோடு இல்லை.

ஆகவே வாகீசன் அந்த முகத்தைப் பெரிதாக்கி அச்சடித்து, சட்டம் போட்டு, கிட்டடி ஊரான அஜக்ஸில் இருக்கும் அக்காவிடம் கொண்டுபோனார். எழுபதைத் தாண்டிய கமலாம்பிகை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“மூக்கைப் பார் தம்பி. அப்பாவின்ர மூக்கு.” பிறகு அழுதார். “பாவம் மனுசன். சண்டைக்குப் போயிருக்கிறார். நாங்கள் என்னவெல்லாம் கதைச்சம்.”

அவ்வளவோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. நிற்குமா? முதலில் வாகீசன் “பூட்டனாயிருக்கலாம்” என்றுதான் சொன்னார். அடுத்த கிழமை பிறந்தநாள் கொண்டாட்டம் ஒன்றில் ‘லாம்’ கழன்று விழுந்தது. அதற்கடுத்து ஒரு செத்தவீட்டில், பூட்டன் ரங்கூனில் இருந்து மணிலாவுக்குப் போய், ஆள் பற்றாமல் தவித்த அமெரிக்கக் கப்பலில் ஏறியதாகத் தெரிந்தது. கோயில் அன்னதான வரிசையில் அவர் பீரங்கி சுட்டார். வரிசை நகர நகர முதல் குண்டே அவருடையதாயிற்று. பாயசம் வருவதற்கிடையில் ஸ்பானியர்கள் வெள்ளைக்கொடி காட்டிவிட்டார்கள்.

“நான் சொல்லேல்லை,” என்பார் வாகீசன், இலையை மடித்துக்கொண்டு. “சரித்திரம் சொல்லுது.”

செய்தி ஊர்ச்சங்கத்துக்குப் போனது. தலைவர் றெமிஜியஸ் லேசில் ஒருவரை உயரவிடுகிற மனிதர் அல்ல. படத்தைக் கைப்பேசியில் வாங்கி விரலால் விரித்துப் பார்த்தார்.

“வாகீசன், உங்கட பூட்டன் சரி. பக்கத்தில குண்டு தூக்கிறது ஆரெண்டு நினைக்கிறியள்?”

“ஆர்?”

“தோளைப் பாருங்கோ. எங்கட பெரியப்பாவின்ர வழி.”

பொருளாளர் இராஜரட்ணம் மூன்றாவது ஆளைக் கண்டுபிடித்தார். முதுகு மட்டும் தெரிந்த ஒருவரை, நடையை வைத்து, இன்னொரு குடும்பம் எடுத்துக்கொண்டது. கூட்டம் முடிந்தபோது அந்த அமெரிக்கப் போர்க்கப்பலில் அமெரிக்கர் ஒருவரும் மிஞ்சவில்லை. ‘கடல் வென்ற எம்மவர்’ என்று விழா எடுப்பது, கந்தப்புத் தண்டையலின் படத்துக்கு மாலை போடுவது, பவ்யாவை அழைத்து முழுப் படத்தையும் பெரிய திரையில் காட்டுவது என்று தீர்மானமாயிற்று.

விழாவுக்கு முதல் நாள் பவ்யா தொலைபேசியில் கூப்பிட்டாள். “அங்கிள், படத்தோட இன்னும் நல்ல பிரதி ஒண்ணு கிடைச்சிருக்கு. நம்ம பிரதில வெட்டிப்போன கடைசிப் பகுதியும் அதுல இருக்கு. நாளைக்கு முன்னாடி நீங்க பாக்கணும். ஒரு விஷயம் சொல்லணும்.”

உண்மை வெளியே வருவதற்கு முன் மனிதர்களுடைய குரல் எப்படித் தணியும் என்று வாகீசனுக்குத் தெரியும். எத்தனை விபத்துகளில் கேட்ட குரல்.

“நாளைக்கு மேடையில கதைப்பம் பிள்ளை. இப்ப லட்டுக்குச் சொல்ல வந்து நிக்கிறன்.” வைத்துவிட்டார். லட்டுக்கு முந்தாநாளே சொல்லியாயிற்று.

மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் கமலாம்பிகை மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையோடு இருந்தார். மாலை போட்டார்கள். றெமிஜியஸ் பேசினார், பேசிக்கொண்டேயிருந்தார். ஒருவழியாக விளக்கை அணைத்தார்கள்.

புதிய பிரதி கண்ணாடி மாதிரி இருந்தது. பீரங்கி, புகை, பூட்டன். அவர் திரும்பிப் பார்த்ததும் கைதட்டல். பின்னால் கடல் அலையடித்தது. இல்லை, அலை ஒரே இடத்தில் நின்றது. அதுவரை யாரும் கவனிக்காததை இப்போது எல்லோரும் கவனித்தார்கள். பிறகு காற்று அடித்தது. கடல் மடங்கியது. ஒரு மூலையில் பிய்ந்து மெல்ல மேலே எழும்பியது. அதற்குப் பின்னால் செங்கல் புகைபோக்கி ஒன்றும், கொடியில் காயப்போட்ட உள்ளுடுப்பு ஒன்றும் தெரிந்தன. கப்பலோட்டிகள் போரை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கடலை இழுத்துப் பிடித்தார்கள். பூட்டன்தான் முதலில் ஓடினார்.

அடுத்த காட்சி மணிலாக் கடற்சண்டை. கப்பல்கள் வரிசையாக வந்தன. கூர்ந்து பார்த்தால் மட்டையில் வெட்டிய கப்பல்கள். ஓரத்தில் இருந்து ஊதி ஊதிப் புகை வந்தது. ஒரு கப்பல் சரிந்தபோது, தென்னைமரத் தடிப்பில் ஒரு கட்டைவிரல் இறங்கி அதை நிமிர்த்திவிட்டுப் போனது.

இருட்டில் ஒருவர் சிரித்தார். வாகீசனுக்கு அந்தச் சிரிப்புத் தெரியும். அருள்மலர்.

விளக்குப் போட்டார்கள். பவ்யா ஒலிவாங்கியைச் சங்கடத்தோடு பிடித்திருந்தாள். “அந்தக் காலத்துல கேமராவைப் போர் நடக்கிற இடத்துக்குக் கொண்டு போறது ரொம்பக் கஷ்டம். ஜனங்களுக்கோ போரைப் பாத்தே ஆகணும். அதனால சில பேர் மொட்டை மாடில துணியைக் கட்டி எடுத்தாங்க. தொட்டில தண்ணி ஊத்தி, அட்டைக் கப்பல் விட்டு, சுருட்டுப் புகை ஊதி எடுத்தாங்க. ஜனங்க நிஜம்னு நம்பிக் கை தட்டினாங்க.”

கமலாம்பிகை மெல்லக் கேட்டார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“தம்பி, அந்தக் கடல் ஏன்ரா மேல போனது?”

வாகீசனிடம் பதில்கள் இருந்தன. அவருக்குப் பதில் இல்லாமல் போனதே கிடையாது. சூறாவளி என்று சொல்லலாம். இது வேறு பிரதி, எங்கள் பிரதிதான் அசல் என்று சொல்லலாம். றெமிஜியஸ் ஏதாவது சொல்லுங்கோ என்று கண்ணால் கெஞ்சினார். ஆனால் அக்கா அவரைப் பார்த்த பார்வை, நெளிந்த காருக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதரின் பார்வையாக இருந்தது. வாகீசன் மேடையை விட்டு இறங்கிப்போய் அவருக்கு முன்னால் குந்தினார்.

“அது கடலில்லை அக்கா. துணி.”

“அப்ப பூட்டன்?”

“தெரியாது.” அந்தச் சொல்லை அவர் சொல்லிப் பழகவில்லை. “உந்த மனுசன் ஆரெண்டு எனக்குத் தெரியாது. பூட்டன் எங்க போனார், என்ன ஆனார், ஒண்டும் தெரியாது. பிழை விட்டிட்டன் அக்கா.”

கமலாம்பிகை மாலை போட்ட படத்தைப் பார்த்தார்.

“உனக்குத் தெரியாதெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்.”

“பிறகேன் அப்பாவின்ர மூக்கெண்டு சொன்னனீங்கள்?”

“என்னடா செய்ய? ஒரு முகமும் இல்லாமல் எத்தினை வருசம் அந்த மனுசனுக்காகப் பேச்சு வாங்கினன். வீடு தேடி வந்த முகத்தை ஆர் விடுவினம்?” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “படத்தை நான் திருப்பித் தரமாட்டன். சொல்லிப்போட்டன்.”

இந்த இடத்தில் விழா முடிந்து எல்லோரும் தலைகுனிந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நீங்கள் அப்படித்தான் எதிர்பார்ப்பீர்கள். உங்களுக்கு ஊர்ச்சங்கம் தெரியாது. றெமிஜியஸ் ஒலிவாங்கியைப் பவ்யாவின் கையில் இருந்து பக்குவமாக வாங்கினார்.

“அப்ப உவையள் சண்டை பிடிக்கேல்லை. நடிச்சிருக்கினம். 1898-இல! உலகத்தில சினிமா பிறந்த உடனேயே எங்கட ஆக்கள் நடிச்சிருக்கினம்!”

“சார், அவங்க யாருன்னு யாருக்குமே தெரியாது. பேரே எங்கயும் இல்ல,” என்றாள் பவ்யா.

“பேர் தெரியாதெண்டால் எங்கட ஆளாயும் இருக்கலாம்தானே பிள்ளை?”

இராஜரட்ணம் எழும்பினார். “ஊதின புகையைப் பாத்தியளோ? என்ன தடிப்பு! உது யாழ்ப்பாணச் சுருட்டு!” கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பதாகையில் ‘கடல்’ என்ற சொல்லுக்கு மேல் யாரோ தாள் ஒட்டி ‘திரை’ என்று எழுதினார்கள். ‘திரை வென்ற எம்மவர்.’ லட்டு பரிமாறப்பட்டது.

வாகீசன் லட்டுச் சாப்பிடவில்லை. அக்காவையும் படத்தையும் அஜக்ஸில் இறக்கிவிட்டு, நானூற்றியொன்று என்ற நெடுஞ்சாலையில் கார் ஓட்டினார். பக்கத்தில் இருந்த அருள்மலர் அவருடைய கையைத் தொட்டாள்.

“உங்கட வாயில இருந்து ‘தெரியாது’ எண்டு ஒரு சொல்லு வந்ததை இண்டைக்குத்தான் கேட்டன். நல்லாயிருந்தது.”

வாகீசனுக்கு அது உள்ளே போய்க் குளிர்ந்தது. கொஞ்சத் தூரம் சந்தோசமாக ஓட்டினார். பிக்கறிங் தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

“அருள், அந்தக் கட்டைவிரலைக் கவனிச்சனீரோ? நகத்தைப் பாத்தால், அது எங்கட—”

“றோட்டைப் பாருங்கோ.”

றோட்டைப் பார்த்தார். வேறு வழியில்லை.

கமலாம்பிகையின் வீட்டில் அந்தப் படம் இன்னமும் தொங்குகிறது. வருகிறவர்கள் யார் என்று கேட்டால், “எங்கட பூட்டன். கெட்டிக்காரன். கடலையே இழுத்துப் பிடிச்சவர்,” என்கிறார். ஓடிப்போனவரோ என்று அதன் பிறகு எவரும் கேட்பதில்லை.

பாவம் வாகீசன், அவரைப் பார்த்து நல்லாய்ச் சிரித்தீர்கள். சிரித்த வாயோடு ஒன்றைச் சொல்லுங்கள். வாகீசன் என்று ஒருவர், காப்புறுதிக் கொம்பனியில் வேலை, அக்கா அஜக்ஸில் என்றதும், இவர் எந்த ஊர், யாருடைய மகன், ஒருவேளை எங்களுக்குக் கிட்டிய சொந்தமோ என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டீர்களா, இல்லையா?

போட்டீர்கள். நீங்களும் எங்கட ஆள்தான்.