சம்பந்தியின் உப்புத்தண்ணீர்த் தொட்டி

மட்டக்களப்பில் மீன் பிடித்தவர், விற்றவர், ஆக்கித் தின்றவர் என்று எத்தனையோ பேரைக் காட்டலாம். மீனுக்கு மாப்பிள்ளை பார்த்தவர் என்றால் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கந்தோரில் எனக்கு அடுத்த மேசையில் இருந்தார். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் சம்பந்தி.

கோப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் அவர் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்திருந்தார். பெரிய பிஸ்கட் டின் அளவுதான். உள்ளே கடல் தண்ணீர், கொஞ்சம் மண், இரண்டு கல். வாவித் தண்ணீர் கூடவே கூடாதாம். மழை பெய்தால் அதில் உப்புக் குறைந்துவிடும், சொன்ன சொல்லில் நிற்காத தண்ணீர் என்பார். அதனால் கல்லடிக் கடலில் பிளாஸ்டிக் கானில் அள்ளி, கைக்குழந்தையை ஏற்றி வருவதுபோல மோட்டார் சைக்கிளில் மெதுவாகக் கொண்டுவருவார்.

அந்தத் தொட்டிக்குள் இடம் எடுப்பதைவிட அரசாங்க வேலை எடுப்பது சுலபம். எந்த உயிர் வந்தாலும் அவருடைய முதற் கேள்வி, "என்ன குடி?" என்பதுதான். எங்கள் பக்கத்தில் குடி என்றால் தாய்வழி. ஒரே குடியில் பிறந்தவர்கள் சகோதரங்கள், அவர்களுக்குள் கலியாணம் இல்லை. சம்பந்தி இந்தச் சட்டத்தைக் கடலுக்கும் நீட்டிவிட்டார். ஒரே இனத்து நீல மீன்கள் இரண்டை ஒன்றாக விட்டு, மறுநாள் ஒன்றுக்கு வாலே இல்லாமல் போனதிலிருந்து வந்த ஞானம் அது. ஒரே குடிக்காரரை ஒரு வளவுக்குள் விட்டால் எல்லைச் சண்டைதான் என்று எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தினார்.

கொழும்பிலிருந்து புதிதாக வந்த மெனேஜர், கந்தோர் மேசையில் மீன் தொட்டி எதற்கு என்று விசாரிக்க வந்தார். சம்பந்தி அவரைக் கதிரையில் இருத்தி, "ஐயா என்ன குடி?" என்று அன்பாகக் கேட்டார். மெனேஜரின் முகம் சிவந்துவிட்டது. வேலை நேரத்தில் தான் தொடுவதே இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பிறகு விசயம் விளங்கி, சமாதானத்துக்கு, தொட்டால் பந்துபோல ஊதுகிற ஒரு பேத்தை மீனைப் பையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். சம்பந்தி அதை ஒரு நிமிடம் பார்த்தார்.

"நல்ல முகவெட்டுத்தான் ஐயா. ஆனா பசிச்சா மாமியாரையே திண்டிரும்."

இப்படி இருக்கையில், கல்குடாப் பக்கம் கடலடிக்குச் சுழியோடி அலங்கார மீன் பிடிக்கிற ஒருவர் ஓர் இறாலைக் கொண்டுவந்தார். அதற்குக் கண் சரியாகத் தெரியாது. ஒரு கொடுக்கு மட்டும் பெரிது, அதைச் சொடுக்கினால் 'டக்' என்று சத்தம் கேட்கும். முதல் நாள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து மெனேஜர் கட்டடத்தின் மின்சாரத்தையே நிறுத்தினார். இறால் கல்லுக்கு அடியில் வளை தோண்டி உள்ளே போனதோடு சரி. தீன் போட்டாலும் வெளியே வரவில்லை. கண் தெரியாதவள் காவல் இல்லாமல் வாசலுக்கு எப்படி வருவாள் என்று சம்பந்தி உருகினார். வீடு அவள் கட்டிய வீடு, இனி ஒரு மாப்பிள்ளை வந்து இருக்க வேண்டியதுதான் பாக்கி என்றார். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் அங்கே போய் இருப்பான்.

இறாலுக்கு ஏற்ற மாப்பிள்ளை உளுவை மீன். அது தோண்டாது, ஆனால் கண் கூர்மை, நாள் முழுக்க வாசலில் நிற்கும். வந்த வரன்களை எல்லாம் சம்பந்தி தட்டிக் கழித்தார். ஒன்று நீட்டி நிமிர்ந்தால் தொட்டியில் பாதி. இன்னொன்று துள்ளுகிற வகை, வீட்டை விட்டு ஓடிவிடுமாம். கடைசியில் விரல் நீளத்தில் வரி போட்ட ஒன்று பொருந்தியது. அது காலை முழுவதும் கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கந்தோரில் ஒரு கோப்பும் நகரவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் வளை வாசலில் வந்து நின்றது. உள்ளிருந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்த இறால், தன் மீசையை அதன் வாலில் மெல்ல வைத்தது. சம்பந்தி எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

இவ்வளவு பொருத்தம் பார்த்த மனிதர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் தனியாக இருந்தார். முன்பு குடியிருந்த செட்டிபாளையத்து வீடு மனைவியுடையது. மனைவி காலமான பின் அது ஒரே மகளுக்குப் போயிற்று. மகள் கட்டியது சம்பந்தியின் சொந்தத் தங்கை மகனைத்தான். கலியாணம் முடிந்த கையோடு சம்பந்தி பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டார். ஏன் அண்ணா இப்படி என்று கேட்டேன்.

"மருமகன் என்ட குடி, மனே. சின்ன வீடு. ஒரே குடி ஆம்பிளையள் ரெண்டு பேரப் போட்டா மறுகா தொட்டி கலங்கிரும்."

மீன் சட்டத்துக்கெல்லாம் வயிறு நோகச் சிரித்த எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் போன் பண்ணி வீட்டுக்கு வரச்சொல்லிக் கெஞ்சும்போதெல்லாம், வேலை கிடக்கிறது என்று வைத்துவிடுவார். பேக்கரிப் பாணும் பருப்பும் தின்று ஆள் வற்றிக்கொண்டே போனார்.

மாரி மழையில் ஒருநாள் காய்ச்சலோடு கடல் தண்ணீர் எடுக்கப் போய் வந்தவர், கானை இறக்கிவிட்டுக் கதிரையில் விழுந்தார். எழும்ப முடியவில்லை. நான் மகளுக்கு அறிவித்தேன். கணவனின் ஓட்டோவிலேயே அவள் வந்துவிட்டாள். சம்பந்தி காய்ச்சலிலும் விடாமல், சின்னத் தொட்டி, ஒரே குடி என்று முழுச் சட்டத்தையும் அவளுக்கு எடுத்துச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"வீடு ஆருட, அப்பா?"

"உன்ட."

"அப்ப அதுக்குள்ள ஆரு இரிக்கிறதெண்டு நான்தான் சொல்லுற. எழும்புங்க."

வாதத்தில் தோற்றே அறியாத மனிதர் பதில் தேடி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். மெனேஜர் சுவரில் இருந்த அறிவித்தலை வாசிக்கத் தொடங்கினார். கடைசியில் சம்பந்தி தொட்டியைக் காட்டி, "அப்ப இதுகள்?" என்று சின்னக் குரலில் கேட்டார். இதுகளும்தான் என்றாள் மகள்.

மருமகன் வந்து மாமனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஓட்டோவில் இருத்தினான். நானும் மெனேஜரும் தொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தோம். மெனேஜர் உடனே கையை எடுத்துவிட்டார். எனக்குத்தான் எடுக்க மனம் வரவில்லை.