வயிற்றுப் பதிவேடு

மனித குலத்தைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றியவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், நகராட்சி நீச்சல் குளத்தின் கண்காணிப்பாளர் பெயர் முதலில் வரும். பட்டியலை அவரே போட்டால் அவர் பெயர் மட்டும்தான் வரும்.

'சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகாமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது' என்ற ஆணை அவருடையது. 'யாரும்' என்பதற்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு. வாசலில் வயிற்றுப் பதிவேடு: என்ன சாப்பிட்டீர், எத்தனை மணிக்கு, கையொப்பம். ஏப்பம் விட்டு மாட்டிக்கொண்டவர்கள் வரிசையின் கடைசிக்குப் போனார்கள். அவரே பதினோரு வருடமாகக் குளத்தில் கால் நனைத்ததில்லை. இரண்டு தீனிக்கு நடுவே ஒரு மணி நேர இடைவெளி அவருக்கு வாய்த்தால்தானே.

அவருடைய மச்சினி டாக்டர். தினமும் நீந்த வருவாள்.

"அத்தான், வயிறு முட்டத் தின்னுட்டு நீந்தினா மந்தமா இருக்கும். மிஞ்சிப்போனா சதை பிடிச்சுக்கும். அதுக்காக யாரும் முழுகிட மாட்டாங்க."

"நீ சொல்றது வைத்தியம்மா. இது நிர்வாகம்."

அன்று மதியம் ஆணையைப் புதுப் பலகையில் எழுதி, குளத்தின் ஆழமான பக்கம் மாட்டினார். அழகு பார்க்கக் காலை ஓரடி பின்னால் வைத்தார். அங்கே பன்னிரண்டு அடித் தண்ணீர் இருந்தது.

உயிர்காப்பாளர் அப்போதுதான் டிபன் டப்பாவை மூடியிருந்தார். போன மாதம் டீ குடித்த கையோடு குளத்தில் இறங்கியதற்கு மெமோ வாங்கியவர். இன்னொரு மெமோ வந்தால் வேலை போய்விடும். கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், இன்னும் அம்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

கண்காணிப்பாளர் ஒருமுறை மேலே வந்தார். "யோவ், இறங்குய்யா."

"எழுத்துல குடுத்துடுங்க சார், இறங்கிடறேன்."

பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்த மச்சினி வாயில் பாதிப் பன்னோடு குதித்தாள். காலரைப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டாள். இரண்டு குடம் தண்ணீரைக் கக்கிய பிறகு மகான் கண் திறந்தார்.

"பன்னு எப்ப தின்னே?"

"இன்னும் முழுங்கவே இல்ல அத்தான்."

"அப்ப பதிவேட்டுலயும் எழுதல."

மறுநாள் உயிர்காப்பாளருக்கு ஒழுங்குக்கான நற்சான்றிதழ்; மச்சினிக்கு ஆறு மாதத் தடை. ஆணை எவ்வளவு தீர்க்கதரிசனமானது என்பதில் இப்போது ஊரில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. சாப்பிட்ட வயிற்றோடு ஒருத்தி நீந்தியதால் அந்தக் குளத்தில் இதுவரை ஒரே ஒரு விபரீதம்தான் நடந்திருக்கிறது: கண்காணிப்பாளர் பிழைத்துக்கொண்டார்.